ரத்தத்தில் கஞ்சா தெரியுமா

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யாரும் போட்டது இல்லை, யாரும் மீறியதும் இல்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டிவிட்டால் ஒருவருக்கொருவர் தெரியாது. உள்ளே ஏ.ஆர்.டி. சென்டர் பெஞ்சில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து, பிள்ளையின் படிப்பு முதல் மாமியாரின் மூட்டுவலி வரை பேசித் தீர்த்திருப்போம். வெளியே டீக்கடையில் எதிரெதிரே நின்றால் நீ யாரோ, நான் யாரோ. ஆலங்குடி டவுன் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் வருகிறவரும் நானும் ஒரே எச்.ஐ.வி. மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் என்பது எங்கள் இருவரைத் தவிர பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே தென்னந்தோப்புகளை அப்படி ஒரு அக்கறையோடு பார்த்துக்கொண்டு வருவோம், ஏதோ விலை பேசப் போகிறவர்கள் மாதிரி.

மாத்திரை டப்பா இன்னொரு தொல்லை. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், பைக்குள் கலகலவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். அதனால் வாங்கின கையோடு ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குப் போய் டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துவிடுவோம். நான் தையல்காரி. ஜாக்கெட்டுக்கு வெட்டியது போக மிஞ்சும் துணித்துண்டு என்னிடம் எப்போதும் இருக்கும். பஞ்சு கொண்டுவர மறந்தவர்களுக்கு நான்தான் சப்ளை.

எனக்கு இந்த நோய் என் வீட்டுக்காரர் மூலமாக வந்தது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரைத் திட்டித் திட்டி ஒரு கட்டத்தில் எனக்கே அலுத்துப்போய் நிறுத்திவிட்டேன். ஆலங்குடியில் ஒரு சந்துக்குள் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அது போக, மாத்திரை வாங்க வராமல் நின்றுபோகிறவர்களை வீடு தேடிப் போய் அழைத்து வருகிற வேலையும் பார்க்கிறேன். அந்த வேலைக்கு எங்களில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். எனக்கு வாய் ஜாஸ்தி என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

பொய் சொல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. ‘உங்க மகன் மாத்திரை வாங்க வரலைங்க’ என்று தெருவில் நின்று கேட்க முடியுமா? ஒரு வீட்டுக்கு நான் சேலை விற்கிறவள், இன்னொரு வீட்டுக்கு மகளிர் குழுக்காரி. கழுத்தில் அளவு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு போனால் நாய்கூட சந்தேகப்படாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி நின்றுபோனவர்களில் ஒருவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன். வெளிநாட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்து திரும்பியவன். ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே, முந்திரிக் காட்டை ஒட்டி. ஒழுங்காக மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்தவன் திடீரென்று வரவில்லை. ஏன் என்று பெஞ்சில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கஞ்சா.

“அவன் சட்டையிலயே அந்த வாடை அடிக்குதுத்தா” என்றார் பூக்கட்டுகிற அக்கா. “ஏற்கெனவே ஊரு நம்மளப் பத்தி ஒரு மாதிரி பேசுது. இதுல கஞ்சாக்காரன வேற பக்கத்துல வச்சுக்கிட்டு ஒக்காந்தா வெளங்கிரும்.” லாரி ஓட்டி ஓய்ந்த அண்ணன் ஒருவர் பலமாகத் தலையை ஆட்டினார்.

எனக்கும் கஞ்சா என்றால் ஆகாது. திருவிழாவில் சாமியார் உட்கார்ந்து இழுத்தால் கும்பிட்டுவிட்டு விலகிப் போகிற அதே ஊர், அங்கே ஒரு பையன் இழுத்தால் கம்பத்தில் கட்டிவைக்கும். இது என்ன நியாயம் என்று எப்போதாவது தோன்றியதுண்டு. தோன்றியதோடு சரி. கஞ்சா குடிக்கிறவன் உருப்பட மாட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் மாத்திரையை நிறுத்தியவர்கள் என்ன ஆவார்கள் என்பதையும் பார்த்தவள் நான். அவர்களில் சிலருக்கு மாலை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இவனுக்கும் போட எனக்கு மனசில்லை. டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

வெளிநாட்டுப் பணத்தில் பாதி எழும்பி, பூசாமல் நின்றுபோன வீடு. வாசலில் அவன் அம்மா கடலை உடைத்துக்கொண்டிருந்தார். “ஜாக்கெட் தைக்கக் குடுக்கிறீங்களாத்தா, அளவெடுக்க வந்தேன்” என்றேன். நான் வாயை மூடவில்லை, அந்தம்மா ஆரம்பித்துவிட்டார்.

“ஜாக்கெட்டு ஒண்ணுதான் கொறச்சல்! எம்மகன் கஞ்சா குடிச்சுக் கெட்டு நாசமாப் போறான். எலும்பும் தோலுமா ஆக்கிருச்சு அந்தச் சனியன். இவனப் பெத்த வயித்துல நான் என்னத்தக் கட்டிக்கிட்டு அழுவேன்!”

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினாள். பெற்றவளே இப்படித் தெருவுக்குக் கேட்கிற மாதிரி மானத்தை வாங்குவாளா என்று கோபம்தான் வந்தது. அந்தம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனார். உள்ளே போனதும் குரல் அப்படியே இறங்கிவிட்டது.

“நீ ஆஸ்பத்திரியிலருந்துதானத்தா வார? அவன மொத மொத கூட்டியாந்தப்ப ஒன்னய அங்க பாத்திருக்கேன்.”

நான் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிச் சுருட்டினேன்.

“அவன் இப்பிடி மெலிஞ்சு போனதுக்கு ஊருக்கு ஏதாச்சும் ஒரு காரணம் சொல்லணும்ல? கஞ்சான்னு சொன்னா நாலு நாளைக்குக் காறித் துப்பிட்டு விட்ருவாங்க. அதச் சொன்னா தண்ணி தரமாட்டாங்க. அதான் நானே முந்திக்கிட்டேன்.”

பிள்ளையைக் காப்பாற்ற எத்தனையோ அம்மாக்கள் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ‘சுகர்’ என்பார்கள், ‘அல்சர்’ என்பார்கள். பெற்ற மகனைக் கஞ்சாக்காரன் என்று தெருவெல்லாம் தண்டோரா போட்டுக் காப்பாற்றுகிற அம்மாவை அன்றுதான் பார்த்தேன். என் பொய் அவர் பொய்க்கு முன்னால் கைகட்டி நின்றது.

“அப்ப தம்பி குடிக்கிறதில்லையா?” என்றேன்.

“குடிக்கிறான்” என்றார் அந்தம்மா. “அதக் குடிச்சாத்தான் ரெண்டு வாய் சோறு எறங்குது. நான் வேணாம்னு சொல்லவா, குடின்னு சொல்லவா? நீயே சொல்லு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் காட்டில் இருப்பதாகச் சொன்னார்.

மத்தியான வெயில். முந்திரி பூத்திருந்தது. தாழ்ந்த கிளை ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. “வாங்கக்கா” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். முடிக்கும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“நீங்க குடிச்சுப் பாத்திருக்கீங்களா?”

“ச்சீ!”

“அப்பறம் என்னத்துக்கு இந்தக் கத்து கத்துறீங்க? மாத்திரை போட்டா கொமட்டுது. சோத்தப் பாத்தாலே வாந்தி வருது. படுத்தா பாதம் ரெண்டும் மொளகாத் தூளத் தேச்ச மாதிரி எரியுது. இத இழுத்தா கொஞ்சம் பசிக்குது, கொஞ்சம் தூக்கம் வருது. நான் என்ன ஜாலிக்கா குடிக்கிறேன்?”

“சரி, குடிச்சுத் தொல. மாத்திரைய ஏன் விட்ட?”

காய்ந்த இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டே இருந்தான். நான் விடுகிற ஆளா? மறுபடி மறுபடி கேட்டேன். கடைசியில் சொன்னான். அடுத்த தடவை வரும்போது ரத்தம் எடுப்போம் என்று சென்டரில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட், எங்கள் எல்லோருக்கும் எடுப்பதுதான்.

“ரத்தம் எடுத்தா கஞ்சா தெரிஞ்சிரும்லக்கா? அங்கிட்டிருந்து நேரா போலீஸுக்குப் போயிரும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்த கதையைச் சொன்னான். காலையில் ஊசி குத்தினார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. வேலைக்குப் போனவனை வேலை இடத்திலேயே வந்து பிடித்தார்கள். ஒரு அறையில் பூட்டிவைத்து, பிறகு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். கூட இருந்தவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட விடவில்லை. தனக்கு என்ன நோய் என்பதே அவனுக்கு ஊருக்கு வந்து, புதுக்கோட்டையில் பார்த்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

“எனக்குத் தெரியறதுக்கு முந்தியே அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சுக்கா. எல்லாத்தையும் ரத்தம் சொல்லிரும்.”

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நல்ல உடம்புக்காரர்கள் யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு ஊசி என்றால் வலி, அவ்வளவுதான். இவனை இவன் ரத்தமே ஒரு தடவை பிடித்துக் கொடுத்திருக்கிறது. மறுபடி ரத்தம் கொடுக்காமல் இருப்பதற்காக மாத்திரையையே விட்டுவிட்டு, காட்டில் உட்கார்ந்து செத்துக்கொண்டிருக்கிறான்.

“அதெல்லாம் ரத்தத்துல தெரியாது” என்றேன்.

“ஒங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியும்.”

எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். இத்தனை வருஷமாகக் கையை நீட்டி ரத்தம் கொடுத்திருக்கிறேனே தவிர, அதில் எதை எதைப் பார்க்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொன்னால் அவன் கதை முடிந்தது. “ஒன்னய வச்சுக்கிட்டே டாக்டர்கிட்ட நான் கேக்குறேன், ஊசி குத்துறதுக்கு முந்தி” என்றேன். “ரத்தத்துல தெரியும்னு அவங்க சொன்னா நீ பாட்டுக்கு எந்திரிச்சுப் போ. இனிமே ஒன் வாசப்படிய நான் மிதிக்கல.” கையிலிருந்த இலையைக் கீழே போட்டுவிட்டு சரி என்றான்.

முன்கூட்டியே டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டு, அவர் தெரியும் என்று சொல்லிவிட்டால் இவனை எந்த முகத்தோடு கூட்டிப் போவது? அதனால் கேட்கவில்லை. அந்த வாரம் தைத்த ஜாக்கெட் எல்லாவற்றிலும் கை ஒன்று ஏறிக்கொண்டும் ஒன்று இறங்கிக்கொண்டும் இருந்தது. பிரித்துப் பிரித்துத் தைத்தேன்.

அந்த நாளும் வந்தது. எங்கள் சட்டப்படி அவன் பஸ்ஸில் முன்னால், நான் பின்னால். தென்னந்தோப்பை விட்டுவிட்டு அவன் பின்மண்டையையே பார்த்துக்கொண்டு வந்தேன். திருவரங்குளத்தில் பஸ் நின்றபோது எழுந்தான். இறங்கி ஓடப் போகிறான் என்று நானும் எழுந்துவிட்டேன். பார்த்தால், கைப்பிள்ளையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு இடம் விட்டிருக்கிறான். அதற்குப் பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். புதிதாக மாற்றலாகி வந்தவர், எப்படிப்பட்டவர் என்று எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவனைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு, நின்றபடியே கேட்டேன்.

“மேடம், ரத்தத்துல கஞ்சா தெரியுமா?”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “யாருக்கு? உங்களுக்கா?”

பக்கத்தில் அவன் மூச்சு நின்றுபோனது எனக்குக் கேட்டது. “ஆமா மேடம்” என்றேன். “எனக்குத்தான்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வெற்றிலைகூடப் போடாதவள் நான். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதட்டவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இந்த டெஸ்ட்ல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு மட்டும்தான் பாப்பாங்க. வேற எதையும் தேட மாட்டாங்க. நீங்க எங்கிட்ட சொல்றதும் இந்த ரூமத் தாண்டிப் போகாது. நான் டாக்டர்ங்க, போலீஸ் இல்ல.”

எனக்கு அப்படியே அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் விடவில்லை. “சரி, எதுக்காகக் குடிக்கிறீங்க?” என்றார்.

நான் காட்டில் கேட்டதை ஒப்பித்தேன். கொமட்டுது, பசிக்கல, பாதம் எரியுது. “எரிச்சல் பாதத்துல மட்டுமா, முழங்கால் வரைக்கும் ஏறுதா? மரத்துப்போற மாதிரி இருக்கா?” என்று டாக்டர் கேட்டார். இது பாடத்தில் இல்லாத கேள்வி. மூஞ்சியை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு, “ஏறுது... ஏறாம இருக்குது...” என்று இழுத்தேன்.

“பாதத்துல மட்டும்தான் மேடம்” என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தான். “அக்காவுக்கு இல்ல. எனக்கு. குடிக்கிறதும் நான்தான்.”

எத்தனையோ பேரைக் கூட்டி வந்திருக்கிறேன், அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன். டாக்டர் அவனை உட்காரச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். டெஸ்ட்டுக்குச் சளியும் கொடுக்கச் சொன்னார். புகை நெஞ்சைக் கெடுக்கும், எங்களைப் போன்றவர்களுக்கு டி.பி. சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்று மறைக்காமல் சொன்னார். குமட்டலுக்கும் எரிச்சலுக்கும் தனித்தனியாக மருந்து இருக்கிறதாம். வாயைத் திறந்து சொன்னால்தானே கொடுக்க முடியும் என்று கோபித்துக்கொண்டார்.

“இன்னைக்கே விட்டாகணும்னு நான் சொன்னா, விட்டுட்டேன்னு ஒரு பொய்யச் சொல்லிட்டு அப்புறம் வராமப் போயிடுவீங்க. குறைச்சுக்கிட்டே வாங்க. குடிச்சாலும் மாத்திரை, குடிக்காட்டியும் மாத்திரை. அத மட்டும் ஒரு நாள்கூட விடக்கூடாது.”

அவன் கையை நீட்டினான். ஊசி ஏறும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தத் தடவை ரிசல்ட் மோசம். மாத்திரையை விட்டவனுக்கு வேறு எப்படி வரும்? பயந்து ஓடிவிடுவானோ என்று நினைத்தேன். ஓடவில்லை. மறு மாதம் தானாகவே வந்தான்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் பூக்கட்டுகிற அக்கா எழுந்து அங்கிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். வந்ததே கோபம் எனக்கு. “ஏங்க்கா, ஒங்களுக்குன்னு டீக்கடையில தனி கிளாஸ் வச்சப்ப எப்பிடி அழுதீங்க? இப்ப நீங்க அவனுக்கு வைக்கிறீங்களா?” என்று நர்ஸ் வந்து அதட்டுகிற அளவுக்குக் கத்திவிட்டேன். டாக்டர் என்ன சொன்னார் என்று தம்பியே மெதுவாகச் சொன்னான். அந்த டெஸ்ட்டில் அது தெரியாது, சொன்னாலும் வெளியே போகாது, திட்டவும் இல்லை.

பிறகு லாரி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“நெசமாவே திட்டலையா? நானும் ஓட்டுன காலத்துலருந்து இழுக்கிறவன்தான். இன்னும் விட்டபாடில்ல. டாக்டருக்குத் தெரிஞ்சா மாத்திரைய நிப்பாட்டிருவாங்கன்னு இருந்தேன்.”

அன்றைக்குப் பலமாகத் தலையாட்டின அதே அண்ணன்! எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. பூக்கட்டுகிற அக்கா அவரை முறைத்துவிட்டு, தன் சுருக்குப் பையிலிருந்து சூரணப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். யாரோ வைத்தியர் கொடுத்ததாம், மாத்திரையோடு சேர்த்து ரகசியமாகத் தின்றுகொண்டிருந்தாராம். அன்று டாக்டர் அறைக்குள் போனவர்கள் எல்லோரும் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வெளியே வந்தார்கள். திரும்பி வந்த பூக்கட்டுகிற அக்கா, முன்பு இருந்த இடத்திலேயே, தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவன் கஞ்சாவை விட்டானா என்று கேட்பீர்கள். ஒரேயடியாக விடவில்லை. எரிச்சல் அடங்க அடங்கக் குறைந்தது. காட்டுப் பக்கம் போவதற்குப் பதிலாக ஆலங்குடியில் ஒரு கடையில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலைக்குப் போக ஆரம்பித்தான். இப்போது குடிக்கிறானா என்று நான் கேட்பதில்லை. மாத்திரை போட்டாயா என்று மட்டும் கேட்பேன். திண்டாட்டமெல்லாம் அவன் அம்மாவுக்குத்தான். மகன் கன்னம் உப்பித் தொந்தி எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டான், தெருவுக்கு என்ன சொல்வது? “கஞ்சாவ விட்டுட்டான்த்தா, கோயிலுக்கு வேண்டிக்கிட்டேன்” என்று அடித்து விட்டுக்கொண்டிருக்கிறார். என்னிடம் இரண்டு ஜாக்கெட்டும் தைக்கக் கொடுத்தார்.

போன மாதம் அவனுக்கு மறுபடி ரத்தம் எடுத்த ரிசல்ட் வந்தது. டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி எங்கள் பக்கம் காட்டினார். வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. “ரத்தம் இந்தத் தடவ நல்லதாச் சொல்லிருக்குக்கா” என்றான். நான் அழுதுவிட்டேன். வெட்கமாக எல்லாம் இல்லை.

கேட்டைத் தாண்டியதும் பழக்கப்படி பிரிந்தோம். அவன் முன்னால் போய்விட்டான். நான் டீ குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது ஆலங்குடி பஸ்ஸில் ஜனம் பிதுங்கியது. படியில் கால் வைக்கிறேன், உள்ளே நடுவிலிருந்து ஒரு குரல்.

“அக்கா! இங்கிட்டு வாங்க, ஒங்களுக்கு சீட்டுப் போட்டிருக்கேன்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. தெரியாத மாதிரி நிற்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். அவன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான். இடித்துப் பிடித்துப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்தார். “எனக்கு ஒரு ஆலங்குடி. அக்காவுக்கு லேடீஸ் ஃப்ரீ டிக்கெட்டு” என்றான். “சொந்த அக்காவா?” என்றார் கண்டக்டர். “ஆமாங்க” என்றான் அவன், கொஞ்சமும் யோசிக்காமல்.

பஸ் கிளம்பி முதல் பள்ளத்தில் இறங்கியது. அவன் மடியில் இருந்த பையிலிருந்து கலகலவென்று சத்தம். பஞ்சு அடைக்கவில்லை. அடுத்த பள்ளத்தில் இன்னும் பலமாக. நான் பதறிப்போய் பையை அமுக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டான்.

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். “என்ன தம்பி அது, சத்தம்?”

“மாத்திரைங்க. எனக்குத்தான். தெனமும் போடணும்.”

“மறக்காமப் போடு” என்று சொல்லிவிட்டு அந்தம்மா முன்னால் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. இத்தனை வருஷம் நான் துணித்துண்டு வெட்டி வெட்டிக் கொடுத்தது இதற்குத்தான். என் பையைத் திறந்து டப்பாவை எடுத்தேன். அடைத்திருந்ததைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். திருவரங்குளம் வரைக்கும் ரோடு ஒரே பள்ளம். இரண்டு டப்பாவும் சேர்ந்து சத்தம் போட்டுக்கொண்டு வந்தன.